ஒரு தூண் போனால் முழுப் பாலமும் ஏன் விழ வேண்டும்?

2024 மார்ச் 26 அதிகாலை அமெரிக்காவின் பால்டிமோரில் பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்தை இடித்த 'டாலி' கப்பல், கொழும்புக்கு வரப் புறப்பட்டிருந்த கப்பல். அதனால் இங்கே அதிகம் பேசப்பட்டது அதிலிருந்த அபாயகரமான கொள்கலன்களைப் பற்றித்தான். பாலம் விழுந்த விதம் அந்தளவுக்குப் பேசப்படவில்லை.

மின்சாரம் இழந்து வந்த கப்பல் இடித்தது ஒரேயொரு தூணை. 366 மீற்றர் நீளமான நடுப்பகுதி உடனே விழுந்தது. வடக்குப் பக்கத்துத் தூணை எதுவும் தொடவில்லை. ஆனாலும் அதன் மேலிருந்த பகுதியும் சில நொடிகளில் கீழே வந்தது.

காரணம், அந்த இரும்புச் சட்டகம் மூன்று இடைவெளிகளையும் தாண்டி ஒரே துண்டாகச் சென்றதுதான். நான்கு கற்கள் மேல் ஒரே நீளப் பலகையை வைத்தால் ஒரு பகுதியின் பாரத்தை மறுபகுதி தாங்கிக்கொடுக்கும், இரும்பும் மிச்சம். உள்ளிருக்கும் ஒரு கல்லை உருவினால், அதே இணைப்பு வழியாகவே பாதிப்பும் அடுத்த பகுதிக்குப் போகும். தனித்தனித் துண்டுகளாக வைத்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கல்லின் இரு பக்கத்தோடு நின்றிருக்கும்.

இதற்காக அந்த வடிவமைப்பைக் குறை சொல்வது நியாயமல்ல. 1977இல் பாலம் திறக்கப்பட்டபோது இவ்வளவு பெரிய கொள்கலன் கப்பல்கள் கிடையாது. என் பார்வையில் தவறு பிறகு நடந்தது. 1980இல் புளோரிடாவில் கப்பல் மோதிப் பாலம் விழுந்து 35 பேர் இறந்த பின்னர், இந்த ஆபத்தைக் கணக்கிடும் முறை 1991இல் வெளியானது. கீ பாலத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேயில்லை. விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை போட்டுப் பார்த்தபோது, ஆபத்து ஏற்கத்தக்க அளவைவிட ஏறக்குறைய 30 மடங்காக இருந்தது. 19 மாநிலங்களில் மேலும் 68 பாலங்களை இவ்வாறு பரிசோதிக்குமாறு 2025 மார்ச்சில் அச்சபை கூறியது.

கப்பலிலிருந்து அபாய அறிவிப்பு வந்ததும் பொலிஸார் வாகனங்களை இரு பக்கமும் நிறுத்திவிட்டார்கள். பாலத்தின் மேல் குழிகளை நிரப்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை. இறந்த ஆறு பேரும் அவர்கள்தான். மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள்.