டி அடிச்சா ஒய் வருது!

செமஸ்டர் பக்கத்துல வந்துடுச்சு, ரெக்கார்டு நோட் பாதி காலியா இருக்கு, எல்லாம் தெரியும். இருந்தாலும் ஒரு பத்து நிமிஷம் எனக்குக் கொடுங்க. இந்த வாரம் ஒரு பழைய கதை. அதுல வில்லன் நான்தான். சரியாச் சொன்னா பாதி வில்லன். மீதிப் பாதி, பக்கத்து சீட்டு நண்பன்.

1990-களின் கடைசி. உடுமலைப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் லேப். பேர் வேண்டாமே! ஊரைச் சுத்தி காற்றாலை சுத்திக்கிட்டே இருக்கும். ஆனா லேப்ல மட்டும் கரண்ட் நிக்காது. கறுப்பு ஸ்கிரீன்ல டாஸ், அதுக்குள்ள டர்போ சி. அதுதான் எங்க உலகம்.

அன்னைக்கு எங்க பேட்ச் முடிஞ்சு கிளம்பும்போது, நண்பன் கீபோர்டுல ஒரே ஒரு வரி அடிச்சான். அடுத்து ஃபர்ஸ்ட் இயர் பேட்ச். அந்த சீட்டுல ஒரு தம்பி வந்து உட்கார்ந்தான். அப்பா ஸ்பின்னிங் மில்லுல வேலை. கம்ப்யூட்டரைத் தொட ஆரம்பிச்சு ஒரு மாசம்கூட ஆகலை. டர்போ சி-யைத் திறக்க 'டிசி'ன்னு அடிச்சான். ஸ்கிரீன்ல 'ஒய்சி'ன்னு வந்துச்சு. கீழே 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்'. மறுபடி அடிச்சான். மறுபடி 'ஒய்சி'. டி-யை நல்லா அமுக்கிப் பார்த்தான். மெதுவாத் தட்டிப் பார்த்தான். கீபோர்டைத் தூக்கிக் கவுத்துகூடப் பார்த்தான். நாங்க ஜன்னலுக்கு வெளியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

"என்னப்பா, கீபோர்டை ஒடச்சிட்டியா?"ன்னு லேப்ல யாரோ கேட்டாங்க. தம்பி முகம் வெளுத்துடுச்சு.

மீதிக் கதை கொஞ்ச நேரத்துல. முதல்ல அந்த ஒரு வரி என்னன்னு பார்ப்போம்.

எழுத்தா? கட்டளையா?

கம்ப்யூட்டருக்கு எல்லா எழுத்தும் எண்தான். சின்ன டி 116, சின்ன ஒய் 121. இந்த வரிசையில் 27-ஆம் எண்ணுக்கு உருவம் கிடையாது. அதுதான் எஸ்கேப். 'இனி வர்றது எழுத்து இல்லை, உத்தரவு' என்று ஸ்கிரீனுக்குச் சொல்லும் சிக்னல் அது. அதுக்குப் பின்னால் ஒரு சதுர அடைப்புக்குறி, சில எண்கள், கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து. இதுக்குப் பேர் எஸ்கேப் கோடு.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனி டெர்மினலுக்கும் ஒவ்வொரு பாஷை. ஒண்ணுக்கு எழுதின புரோகிராம் இன்னொண்ணுல ஓடினா ஸ்கிரீன் முழுக்கக் குப்பை. 1978-ல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் கொண்டுவந்த விடி100 டெர்மினல் பொது பாஷைக்கு மாறியது. 1979-ல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி அதையே தரமாக்கியது. விடி100 பெட்டிகள் மியூசியத்துக்குப் போய்விட்டன. அந்த பாஷை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கு. லினக்ஸில் எரர் சிவப்பாகவும் ஃபோல்டர் நீலமாகவும் தெரியுதே, எல்லாம் அதன் வேலைதான். விண்டோஸ் 10-லும் 2016 வாக்கில் இந்த வசதி வந்தது.

செஞ்சு பாருங்க

லினக்ஸ் டெர்மினல் இருந்தால் போதும். மொபைலில் டெர்மக்ஸ் இருந்தாலும் ஓகே. பிரிண்ட்எஃப் என்று அடித்து ஒரு ஸ்பேஸ். ஒற்றை மேற்கோளுக்குள்: பேக்ஸ்லாஷ், 033, திறக்கும் சதுர அடைப்புக்குறி, 31, சின்ன எம், அப்புறம் உங்க பேர். என்டர் தட்டுங்க. பேர் சிவப்பில் வரும். (033 என்பது எட்டின் அடிமானத்தில் 27. பயப்படாதீங்க!) 31-க்குப் பதில் 32 போட்டால் பச்சை, 34 போட்டால் நீலம். வெறும் 0 போட்டால் எல்லாம் பழையபடி.

எம்-முக்குப் பதிலாக 2 போட்டு பெரிய ஜே போட்டால் ஸ்கிரீன் துடைச்ச மாதிரி ஆயிடும். 10;20 போட்டு பெரிய எச் போட்டால் கர்சர் பத்தாவது வரி, இருபதாவது கட்டத்துக்குத் தாவும். இதை வெச்சே ஒரு மெனு, ஒரு பாம்பு கேம் வரைக்கும் எழுதலாம். ஸ்கிரீன் கன்னாபின்னான்னு ஆயிட்டா 'ரீசெட்' என்று அடிச்சு என்டர் தட்டுங்க, சரியாயிடும்.

கீபோர்டு மாறிய மாயம்

டாஸில் இந்த வேலையைச் செய்ய ஆன்சி.சிஸ் என்று ஒரு ஃபைல். 1983-ல் டாஸ் 2.0-வோடு வந்தது. கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் மெமரியில் ஏறிக்கொள்ளும். அது ஸ்கிரீனோடு நிக்கலை. கடைசி எழுத்து சின்ன பி-யாக இருந்தால், கீபோர்டையே மாத்தி வைக்கும். எஸ்கேப், அடைப்புக்குறி, 116;121, பி. அர்த்தம்: '116 அழுத்தினால் 121 கொடு'. டி அடிச்சா ஒய்!

டாஸில் எஸ்கேப் கீயை நேரா அழுத்தினால் அடிச்ச வரி கேன்சல் ஆயிடும். அதனால் நண்பன் ப்ராம்ப்ட் கமாண்டைப் பிடிச்சான். அதில் டாலர் போட்டு இ போட்டால் எஸ்கேப் என்று அர்த்தம். ப்ராம்ப்ட் ஸ்கிரீனில் வந்த நொடியே வேலை முடிஞ்சுது. ஆனா தடயத்தை மறைக்க ப்ராம்ப்டைப் பழையபடி மாத்தணுமே? அந்த வார்த்தையிலேயே ஒரு டி இருக்கு! பயல் கேப்ஸ் லாக்கைப் போட்டு அடிச்சான். பெரிய டி-யின் எண் 84. அதை யாரும் மாத்தலையே!

கவனிச்சீங்களா? தம்பியும் கேப்ஸ் லாக் போட்டு அடிச்சிருந்தா டர்போ சி திறந்திருக்கும். டாஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டும் ஒண்ணுதான். திறந்த பிறகு உள்ளே டி ஒழுங்கா டி-யாவே வந்திருக்கும், ஏன்னா டர்போ சி எடிட்டர் கீபோர்டை டாஸ் வழியா படிக்காது. இதெல்லாம் வேண்டாம், மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தாலே போதும். மாற்றம் இருந்தது மெமரியில் மட்டும்தான். அன்னைக்குச் சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் கீபோர்டு தானா சரியாயிடுச்சு.

ஆனா தம்பி அதுக்குள்ள கிளம்பிட்டான்.

மீதிக் கதை

மறுநாள் அவன் லேபுக்கு வரலை. அதுக்கு அடுத்த நாளும் வரலை. ஒரு வாரம் ஓடிப்போச்சு. அவன் கிளாஸ் பையன் ஒருத்தன் கேன்டீன்ல சொன்னான்: "ஏனுங்ணா, ஒரு கீபோர்டு என்ன விலைங்ணா வரும்? அவன் எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத் திரியறான்."

டீ தொண்டையில் இறங்கலை. எங்களுக்கு அது அஞ்சு நிமிஷ ஜோக். அவனுக்கு அது அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாத ஒரு கடன். ஒரு ரீபூட்டில் தீர்ந்துபோற விஷயம்னு தெரியாததால, ஒரு வாரம் அவன் தூங்கியிருக்க மாட்டான். தெரிஞ்ச நாங்க, தெரியாதவனை வெச்சு விளையாடியிருக்கோம். குறும்புக்கும் அக்கிரமத்துக்கும் நடுவுல இருக்கிற கோடு எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இது ஜோக் இல்லை, பாஸ்!

அந்த பி-க்கு ஒரு கீயை ஒரு முழு வரியாக மாத்தவும் தெரியும். அதனால் அந்தக் காலத்தில் சிலர் 'என்னைப் படி' என்ற பேரில் ஃபைல் அனுப்பினார்கள். திறந்து படிச்சால் சாதாரண டெக்ஸ்ட். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, ஏதோ ஒரு கீயை 'எல்லா ஃபைலையும் அழி' என்று மாத்தி வைத்திருக்கும். 'நிச்சயமா?' என்று டாஸ் கேட்கும் கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கும். எப்பவோ அந்தக் கீயைத் தட்டும்போது போச்சு! இதுக்கு ஆன்சி பாம் என்று பேர். வைரஸ் இல்லை, புரோகிராமும் இல்லை. வெறும் டெக்ஸ்ட்.

டாஸோடு முடிஞ்ச கதைன்னு நினைக்காதீங்க. டெர்மினல் மென்பொருள்களில் இருக்கும் இந்த மாதிரி ஓட்டைகளை 2003-ல் எச்.டி.மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு கட்டுரையில் பட்டியல் போட்டார். ஒரு கோடு விண்டோவின் தலைப்பை மாத்தும். இன்னொரு கோடு 'தலைப்பு என்ன?' என்று கேட்கும். சில டெர்மினல்கள் அந்தப் பதிலை, நீங்களே கீபோர்டில் அடிச்ச மாதிரி உள்ளே அனுப்பின! இப்போதைய விண்டோஸில் கீயை மாத்தும் பி இல்லை. பல டெர்மினல்களும் தலைப்பைத் திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டன. ஆனாலும் அடிப்படைச் சிக்கல் அப்படியேதான் இருக்கு. ஸ்கிரீனுக்கு எழுத்து போற குழாயும் உத்தரவு போற குழாயும் ஒண்ணுதான். அதனால் யாரோ அனுப்பின டெக்ஸ்ட் ஃபைலை டெர்மினலில் 'கேட்' போட்டு அப்படியே கொட்டாதீங்க. 'கேட் மைனஸ் வி' போட்டுப் பாருங்க. மறைஞ்சிருக்கும் எஸ்கேப், ஒரு கூரைக் குறியும் அடைப்புக்குறியுமாக வெளியே வந்து மாட்டிக்கும்.

நம்ம ஊர் பேரில் ஒரு உத்தரவு

உடுமலை என்று எழுதினால்கூட இந்தச் சிக்கல் உண்டு. யூனிகோடு தமிழை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒரு எழுத்துக்கு மூணு எண். 'ட'வுக்கு 224, 174, 159. பழைய 8 பிட் அட்டவணையில் 128 முதல் 159 வரை எல்லாமே உத்தரவுகள். அதில் 159-க்கு அர்த்தம், 'இனி வர்றது புரோகிராமுக்கான ரகசியச் செய்தி, ஸ்கிரீன்ல காட்டாதே'. செய்தி முடியுது என்று சொல்லும் எண் 156. அது எந்த எழுத்தின் கடைசி எண் தெரியுமா? நம்ம 'ஜ'! அதாவது யூடிஎஃப்-8 தெரியாத பழைய டெர்மினலுக்கு 'உடுமலை'யை அனுப்பினால், 'ட' ஒரு கதவைத் திறக்கும். அதுக்குப் பின்னால் வர்றதை சில டெர்மினல்கள் முழுங்கிடும்.

இன்னொண்ணு. எஸ்கேப்பும் அடைப்புக்குறியும் சேர்ந்த வேலையைத் தனியாளாகச் செய்யும் எண் 155. யூனிகோடு தமிழ் அட்டவணையில் 'ச'வுக்கும் 'ஜ'வுக்கும் நடுவில் அந்த எண் வர வேண்டிய கட்டம் காலி. இந்தியில் அங்கே ஒரு எழுத்து இருக்கு, நமக்கு இல்லை. தப்பிச்சோம்!

மாத்துங்க, ஆனா நல்லதுக்கு

கீயை மாத்துவது தப்பே இல்லை. நாம தமிழ் அடிக்கிறதே அப்படித்தான். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில், உயிர் எழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்க்குப் பெரும்பாலும் வலது கை. ஆங்கில ஏ-யைத் தட்டினால் அ, கே-யைத் தட்டினால் ம, க்யூ-வைத் தட்டினால் ஆ. ஏ, கே, கே, க்யூ. நாலே தட்டில் 'அம்மா'! புள்ளியைக்கூட அதுவே வெச்சுக்கும். நண்பன் செஞ்ச அதே வேலைதான் இதுவும். ஆனா இது தெரியாதவனுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

தம்பி என்ன ஆனான்னு கேக்கறீங்களா? அன்னைக்குச் சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் பிடிச்சோம். விஷயத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்டோம். ரெண்டு அறை விழும்னு எதிர்பார்த்தோம். அவன் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தான். அப்புறம் கேட்டான், "அதெப்படிங்ணா பண்ணுனீங்க? எனக்கும் சொல்லித் தர்றீங்ளா?"

சொல்லித் தந்தோம். அடுத்த வாரம் லேபுக்குப் போனா, அவன் மெஷினில் எஃப்10 தட்டினால் 'டிசி' தானா அடிச்சு என்டரும் தட்டிக்குது. எஸ்கேப், அடைப்புக்குறி, 0;68, அப்புறம் மேற்கோளுக்குள் 'டிசி', 13, பி. பக்கத்து சீட்டுப் பொண்ணு அவன்கிட்ட, "எனக்கும் இதை வெச்சுக் கொடு"ன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

நீங்களும் இன்னைக்கே உங்க பேரை சிவப்புல கொண்டுவந்து பாருங்க. வந்ததும் பக்கத்துல இருக்கிற ஜூனியருக்குச் சொல்லிக் கொடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!