பந்து சோறு போடுமா?

தங்கா பத்து வட்டாரத்தில் வெயில் தாழ்ந்த பிறகு எந்தத் திடலுக்குப் போனாலும் அங்குப் பந்து உருண்டுகொண்டிருக்கும். ஆடும் சிறுவர்களுள் மற்றவர்களைவிடக் கால் லாவகம் மிக்கவன் ஒருவனாவது இருப்பான். அவனுக்குப் பதினேழு வயதாகி, மாநில இளையோர் அணியிலிருந்து அழைப்பு வந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி, “பந்து சோறு போடுமா?” என்பதாகும். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படும் பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்விதான் இது. எனினும், பந்தா பாடமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது சரியான பதிலாகாது என்பது என் கருத்து.

காற்பந்து வாழ்வு தரும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. எஸ். குணாளன் 1986ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலான், பகாவில் பிறந்தவர். வேகமாக ஓடும் ஆற்றல் பெற்றிருந்த அவர், தம் மாநில அணியில் மத்தியத் திடலின் வலப்பக்க ஆட்டக்காரராக உருவானார். 2009ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலான் அணி மலேசியக் கிண்ணத்தை வென்றது. அம்மாநிலம் அக்கிண்ணத்தை அதற்கு முன் வென்றது 1948ஆம் ஆண்டில்தான். அதே 2009ஆம் ஆண்டு டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியா காற்பந்தில் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியாவைத் தோற்கடித்துத் தென்கிழக்காசிய வாகையாளர் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. பயிற்றுநர் கே. ராஜகோபால் வழிநடத்திய அந்த வெற்றி அணியில் குணாளனும் இடம்பெற்றிருந்தார்.

அந்த இறுதியாட்டத்தின் முதல் சுற்றில், புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா 3–0 என்று வென்றது. சாஃபி சாலி இரண்டு கோல்களும் அஷாரி ஷம்சுடின் ஒரு கோலும் அடித்தனர். மறுநாள் எல்லார் வாயிலும் அவ்விருவர் பெயரே ஒலித்தது. மத்தியத் திடல் ஆட்டக்காரரின் உழைப்பு அவ்வாறு எளிதில் கண்ணில் படுவதில்லை. எதிரணியின் பந்தைத் தடுக்க வேண்டும். கிடைத்த பந்தைச் சரியானவரிடம் சேர்க்க வேண்டும். தாக்குதலுக்கு முன்னேறிய கையோடு தற்காப்புக்குத் திரும்பி ஓட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பலருக்கு மாற்று ஆட்டக்காரர் இருக்கையே நிரந்தர இடமாகிவிடும். கைத்தட்டல் கிடைக்காத காலத்திலும் பயிற்சியைக் கைவிடாதவரே நிலைக்கிறார்.

நிலைத்திருப்பதற்கு இன்னொன்றும் தேவை. அது புதிதாகக் கற்றுக்கொள்ளும் மனம். குணாளன் பின்னர் சிலாங்கூர் அணிக்கும், அதன்பின் ஜொகூர் டாருல் தாக்சிம் அணிக்கும் சென்றார். ஜொகூரில் அவர் வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரராக மாறினார். 2015ஆம் ஆண்டில் அவ்வணி ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியாவில் அக்கிண்ணத்தை வென்ற முதல் அணி அதுதான். பழகிய இடத்தை விட்டு வேறிடத்தில் ஆடக் கற்றுக்கொள்வதும் ஒருவகைப் படிப்பே.

இது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தைக் காண நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. மலாக்கா, கிருபோங்கில் ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய ஹங் ஜெபாட் அரங்கம் இருக்கிறது. ஆனால், அவ்வரங்கில் ஆடிவந்த மலாக்கா யுனைடெட் அணிக்கு 2023ஆம் ஆண்டுக்கான சூப்பர் லீக் உரிமம் கிடைக்கவில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்த மிஃபா அணி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி எனும் பெயரில் சூப்பர் லீக்கில் களமிறங்கியது. நம் இளைஞர் பலருக்கு வாய்ப்பளித்த அந்த அணியும் 2022ஆம் ஆண்டுப் போட்டிகளுக்குப் பின் விலகிக்கொண்டது. ஆட்டக்காரர் நன்றாக ஆடியும் அணியே இல்லாமல் போகலாம். முழங்காலில் ஏற்படும் ஒரே காயம் ஓராண்டை விழுங்கிவிடலாம். ஆகவே, பெற்றோரின் அச்சம் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது.

“இரு படகில் கால் வைத்தால் இரண்டிலும் தேற முடியாது, முழுமனத்தோடு இறங்கினால்தான் முதல்நிலை ஆட்டக்காரராக முடியும்” என்று சிலர் வாதிடுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், உடல் நாள் முழுவதும் பயிற்சியைத் தாங்காது. ஓய்வு நேரமும் பயண நேரமும் ஆட்டக்காரருக்கு நிறையவே உண்டு. அந்நேரத்தில் கைப்பேசியைப் புரட்டுவதா, பாட நூலைப் புரட்டுவதா என்பதே கேள்வி. பகாங், கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி கழகத்திலும் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியிலும் மாணவர்கள் பயிற்சியோடு பள்ளிப் படிப்பையும் தொடர்கின்றனர். அங்கு முடிவது நம் பள்ளிகளிலும் முடியும். போட்டிக்குச் சென்ற மாணவன் தவறவிட்ட பாடத்தை ஈடுசெய்ய ஆசிரியர் நேரம் ஒதுக்கலாம். வகுப்புத் தோழர்கள் குறிப்புகளைத் தந்து உதவலாம்.

அழைப்பு வந்ததும் குடும்பம் செய்ய வேண்டியவை சில உள்ளன. முதலாவது, எஸ்.பி.எம். தேர்வை எங்கு, எப்படி எழுதுவது என்பதை அணி நிர்வாகத்திடம் பேசி உறுதிசெய்ய வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடக் கூடாது. எத்தனை ஆண்டு ஒப்பந்தம், சம்பளம் எவ்வளவு, காயம்பட்டால் மருத்துவச் செலவை யார் ஏற்பார் என்பன அதில் தெளிவாக இருக்க வேண்டும். சம்பளச் சிக்கல் எழுந்தால் உதவுவதற்கு நிபுணத்துவக் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கான சங்கமும் நம் நாட்டில் இயங்குகிறது. மூன்றாவது, பயிற்றுநர், உடலியக்கச் சிகிச்சையாளர், விளையாட்டு ஆசிரியர் என ஆட்டத்தோடு தொடர்புடைய இன்னொரு தொழிலையும் பிள்ளை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பந்து சோறு போடும், ஆனால், எல்லாருக்கும் போடாது, எந்நாளும் போடாது. இந்த உண்மையை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புவோம். அவன் பயிற்சிப் பையில் காலணிகளுக்குப் பக்கத்தில் ஒரு பாட நூலுக்கும் இடமிருக்கட்டும்.