நாணயம் முறிந்த இடத்தில்

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பதை வகுப்பறையில் வியந்து பேசியவர்களுள் நாமும் ஒருவர். அந்த வியப்புக்குப் பின்னே ஒரு கொடுமையும் ஒளிந்திருப்பது வெகுகாலம் நமக்கு உறைக்கவில்லை. ஒருவர் வாங்கிய கடனைத் திருப்பித் தர இயலாதபோது, அவரிடம் காசு இல்லை என்று சொல்வதோடு ஊர் நிறுத்திக்கொள்வதில்லை. நாணயம் கெட்டவர் என்றே முடிவுகட்டிவிடுகிறது. 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்று சொல்லும்போது சொல்பவரின் குரல் தாமே தாழ்கிறது. 'நொடித்துப் போன குடும்பம்' என்கிறோம். ஈழத்தில் 'வங்குரோத்து' என்பார்கள். சொல் எதுவாயினும் அதில் இரக்கத்தைவிட ஏளனமே மிகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒப்பிலக்கிய வகுப்பில் சார்லஸ் டிக்கன்ஸின் இளமையைப் பற்றிப் பேச நேர்ந்தது. 1824இல் அவருடைய தந்தை கடனுக்காக லண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டதையும், பன்னிரண்டு வயதுச் சிறுவன் காலணி மை தயாரிக்கும் கூடத்தில் வேலைக்குப் போனதையும் சொல்லிக்கொண்டிருந்தோம். வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தயங்கி நின்றாள். சிறு துணிக்கடை வைத்திருந்த அவளுடைய தந்தை நொடித்துப்போய் இரண்டாண்டு ஆகியிருந்தது. "ஐயா, எங்க அப்பாவை யாரும் செயில்ல போடலை. ஆனா அவர் வாசலைத் தாண்டறதே இல்லை" என்றாள். நம்மிடம் மறுமொழி இல்லை. கடனாளியின் துயரத்தைப் பாடமாக நடத்தத் தெரிந்த நமக்கு, அத்துயரத்திலிருந்து மீளும் வழியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அந்த வெட்கமே, இலக்கியத்துக்குச் சற்றும் தொடர்பற்றவராகத் தோன்றும் ஒரு வழக்கறிஞரின் வாழ்வை நோக்கி நம்மைச் செலுத்தியது.

ஹார்வி மில்லர் 1933இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். புரூக்ளின் கல்லூரியிலும் பின்னர்க் கொலம்பியா சட்டப் பள்ளியிலும் பயின்றார். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில், திவால் வழக்கு என்பது அமெரிக்கச் சட்ட உலகின் பின்கட்டு. பெயர்பெற்ற பெரிய சட்ட நிறுவனங்கள் அதைத் தீண்டத் தயங்கின. அந்நிறுவனங்களில் எளிதில் இடம் கிடைக்காத யூத வழக்கறிஞர்கள் பலர் இத்துறையில் ஒதுங்கித் தேர்ச்சி பெற்றார்கள். பிறர் ஒதுக்கிய வேலையை, ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு கலையாக வளர்த்தெடுத்த கதை அது. மில்லர் 1969இல் வைல் காட்ஷல் நிறுவனத்தில் சேர்ந்து அதன் திவால் பிரிவைக் கட்டியெழுப்பினார்.

1978இல் அமெரிக்கா புதிய திவால் சட்டத்தை இயற்றியது. அதன் 11ஆம் அத்தியாயம் ஓர் எளிய எண்ணத்தின்மேல் நிற்கிறது. நொடித்த நிறுவனத்தை உடைத்து விற்றால் கிடைப்பதைக் காட்டிலும், அது உயிரோடிருந்து ஈட்டுவது எல்லோருக்கும் நன்மையாக இருக்கக்கூடும் என்பதே அந்த எண்ணம். மனு கொடுத்த கணத்திலேயே கடன் கேட்டு எழுந்த வழக்குகளும் வசூல் முயற்சிகளும் நின்றுவிடுகின்றன. நிறுவனத்தை நடத்தியவர்களே தொடர்ந்து நடத்தலாம். பிறகு கடன் கொடுத்தோரும் கடனாளியும் நீதிமன்றத்தின் முன்னிலையில் அமர்ந்து, யார் எவ்வளவு இழப்பது என்று பேசி முடிக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், சட்டம் கடனாளிக்குப் பணம் தருவதில்லை. மூச்சுவிட அவகாசம் தருகிறது.

அந்த அவகாசத்தின் அருமையை டெக்சாகோ வழக்கு காட்டிற்று. 1984 ஜனவரியில் கெட்டி எண்ணெய் நிறுவனத்தில் பங்கு வாங்கப் பென்சாயில் நிறுவனம் உடன்பாடு கண்டிருந்தது. இறுதிப் பத்திரம் கையெழுத்தாகுமுன் டெக்சாகோ கூடுதல் விலை சொல்லி முழு நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டது. கொடுத்த சொல் ஒப்பந்தமாகுமா என்பதே கேள்வி. ஆகும் என்று 1985இல் ஹூஸ்டன் நடுவர் குழு சொன்னது. 1,053 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடு நடக்கும் காலத்தில் வசூலைத் தடுக்க வேண்டுமானால், ஏறத்தாழ அதே அளவு தொகைக்குப் பிணை கட்ட வேண்டும் என்பது அன்றைய டெக்சாஸ் மாநில விதி. 1987 ஏப்ரல் 6இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் டெக்சாகோவுக்குக் கைகொடுக்கவில்லை. ஆறே நாளில், ஏப்ரல் 12இல், டெக்சாகோ 11ஆம் அத்தியாயத்தின்கீழ் மனு கொடுத்தது. அதன் பக்கம் நின்றவர் மில்லர். ஆண்டு முடியுமுன் 300 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 1988இல் டெக்சாகோ மீண்டு வந்தது. வாக்குத் தவறியதற்கு அது விலை கொடுத்தது, உயிரைக் கொடுக்கவில்லை. அறம் கூற்றாகும் இடத்திலும் ஓர் அளவு வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரம் கற்பிக்கும் நாமாவது உணர வேண்டுமல்லவா?

2008 செப்டம்பர் 15 அதிகாலையில் லேமன் பிரதர்ஸ் மனு கொடுத்தபோது மில்லருக்கு வயது 75. கடன் 61,300 கோடி டாலர். அமெரிக்க வரலாற்றில் அதற்குமுன் அத்தகைய திவால் கண்டதில்லை. இப்படி அவசரமாக மனு கொடுத்தால் சந்தை நிலைகுலையும் என்று எச்சரித்தவர்களுள் அவரும் ஒருவர். எச்சரித்தவரே மறுநாள் அந்த இடிபாட்டுக்குள் இறங்கிக் கணக்கெடுக்க வேண்டியவரானார். அடுத்த ஆண்டு ஜூன் 1இல் ஜெனரல் மோட்டார்ஸ். சொத்து 8,230 கோடி டாலர், கடன் 17,280 கோடி. அரசின் பெரும்பணம் துணைநிற்க, நாற்பது நாளில் புதிய நிறுவனம் வெளியே வந்தது. மில்லர் 2015இல் மறைந்தார்.

இவ்வளவும் சொல்லி அவரைக் கருணை வள்ளலாக்கிவிட நமக்கு விருப்பமில்லை. லேமன் வழக்கில் வழக்கறிஞர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் சென்ற கட்டணம் 100 கோடி டாலரைத் தாண்டியது. செத்த யானையின் தந்தத்தில் பங்கு கேட்கும் தொழில் என்று எவரேனும் ஏசினால் முற்றிலும் மறுக்க இயலாது. மில்லர் வாதாடிய ஈஸ்டர்ன் விமான நிறுவனம் 1989இல் பாதுகாப்புக் கோரியது. கடன் கொடுத்தோருக்கென ஒதுக்கிய பணத்தையும் செலவழித்துப் பறந்து, 1991 ஜனவரியில் தரையில் விழுந்தது. அவகாசம் எல்லாச் சமயத்திலும் உயிர் காப்பதில்லை. சில சமயம் சாவைத் தள்ளிப்போட்டு, இருந்ததையும் கரைத்துவிடுகிறது. வேலை இழந்தோரின் வீடுகளில் அந்தச் சட்ட நுட்பம் எவ்வாறு பேசப்பட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. டெக்சாகோவின் திவால் மனுவை எவரும் அதன் ஒழுக்கக்கேடு என்று பேசவில்லை, உத்தி என்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் திவாலை மறுசீரமைப்பு என்றார்கள். அதே நாட்டில் 2005இல் தனிமனிதர் திவால் கோரும் வழி கடினமாக்கப்பட்டது. கல்விக் கடனைத் திவாலின் வழியே கழித்துவிடுவதற்கோ மிகக் கடுமையான நிபந்தனை. இங்கும் நிலைமை தொலைவில் இல்லை. 2016இல் வந்த திவால் சட்டம் நிறுவனங்களுக்கு உடனே பயன்பாட்டுக்கு வந்தது. தனிமனிதருக்கான பகுதியோ, 2019இல் நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றோர் அளவில் மட்டும் திறந்துவிடப்பட்டது. பெரியவன் வீழ்ந்தால் அது பொருளாதாரம். சிறியவன் வீழ்ந்தால் அது நடத்தை. இந்த இரட்டை அளவுகோலைச் சட்டம் மட்டும் உண்டாக்கவில்லை. நம் மொழியும், நம் கதைகளும், திண்ணைப் பேச்சும் சேர்ந்தே உண்டாக்கின.

மார்க் ட்வெயினை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. அவருடைய பதிப்பகம் 1894இல் நொடித்தது. அவர் 1895இல் உலகப் பயணம் புறப்பட்டு, ஊர் ஊராகப் பேசி, இந்தியாவுக்கும் வந்து, 1898இல் கடன் முழுவதையும் அடைத்தார். இதைக் கேட்டு நாம் கைதட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். ஆனால் உலகையே மேடையாக்கிக் கொள்ளும் நாவன்மையும், கணக்கைச் சீராக்கித் தர ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் ஹென்றி ராஜர்ஸ் போன்ற நண்பரும் எத்தனை கடனாளிகளுக்கு வாய்க்கும்? மேதையின் மானத்தை எல்லோருக்கும் அளவுகோலாக்குவது இலக்கியவாதிகளாகிய நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

ஏமாற்றியவனும் இயலாதவனும் ஒன்றல்லர். அவ்விருவரையும் பிரித்தறிவதற்காகவே கணக்கேடுகளைப் புரட்டுகிறார்கள், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள், இரவு பகலாகப் பேரம் பேசுகிறார்கள். காசு வேறு, நேர்மை வேறு என்று நம் சொல்லகராதி செய்யத் தவறிய பிரிவினையை அந்த வறண்ட நீதிமன்ற அறைகள் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றின் கருணை பெருநிறுவனங்களின் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே நம் வழக்கு. அந்தக் கருணையே தவறு என்பதன்று.

அந்த மாணவி பின்னர்ப் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டாள். அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இப்போதுதான் நம் நாவுக்கு வருகிறது. அம்மா, உன் தந்தையிடம் முறிந்தது காசு. நாணயம் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்று உனக்குக் கற்பித்த நாம், அவை இரண்டும் வேறு வேறு என்பதையும் அன்றே கற்பித்திருக்க வேண்டும்.