ஏழு நாள் ஞாபகம்

'சர்வர் டவுன்' என்ற தொடர் இன்று குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தேறி வரும் விவசாயிக்கும் பழக்கமானது. இன்றைய வேலை நடக்காது, இன்றைய கூலியும் போயிற்று, நாளை மறுபடியும் வர வேண்டும் என்பதே அவருக்கு அதன் பொருள். மழை பொய்ப்பதைப் போல அதையும் விதியென்று ஏற்றுக்கொள்ள அவரைப் பழக்கிவிட்டோம். ஆனால் இத்தகைய தாமதங்களில் பலவற்றுக்குக் காரணம் கண்டறிய முடியும். கண்டறியத் தேவையான பதிவுகளைக் கணினித்துறையினராகிய நாமே அழித்துவிடுகிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

யூனிக்ஸின் 'சிஸ்டம் ஃபைவ்' காலத்திலிருந்தே 'சார்' என்றொரு கட்டளை உண்டு. (நம் அலுவலகங்களில் புழங்கும் 'சார்' வேறு, மரியாதை என்னவோ இதற்கும் கொடுக்கத் தகும்.) லினக்ஸில் செபாஸ்டியன் கொதார் எழுதிய சிஸ்ஸ்டாட் தொகுப்பின் வழியே அது கிடைக்கிறது. வழக்கமான அமைப்பில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செயலி எவ்வளவு உழைத்தது, நினைவகம் எவ்வளவு நிரம்பியது, வட்டுக்காக எவ்வளவு நேரம் வீணாயிற்று, எத்தனை பணிகள் வரிசையில் நின்றன என்று அது குறித்துவைக்கும். இதற்குத் தனிச்செலவு ஏதுமில்லை. ஆயினும் டெபியன், உபுண்டு வெளியீடுகளில் நெடுங்காலம் அதை நிறுவினாலும் சேகரிப்பு இயல்பாக முடக்கப்பட்டே இருந்தது. வேறு பலவற்றில் பழைய கோப்புகளுக்கு விதிக்கப்பட்ட இயல்பான ஆயுள் ஏழு நாள். ரெட் ஹாட்டின் பிற்கால வெளியீடுகளில் இருபத்தெட்டு நாள். அந்த எண்ணை மாற்ற ஒரு வரி போதும். மாற்றியவர்கள் எத்தனை பேர்?

திண்டுக்கல்லில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். மாதத்தின் முதல் வாரத்தில் காலை பதினொரு மணிக்கு வழங்கி திணறும், வரிசை தெருவுக்கு வரும். மறுதொடக்கம் செய்வார்கள். பிறகு நினைவகம் போதவில்லை என்று தீர்மானித்து, வாங்கியும் பொருத்தினார்கள். அடுத்த மாதமும் அதே திணறல். என்னை அழைத்தபோது சென்ற மாதத்துப் பதிவைக் கேட்டேன். ஏழு நாளுக்கு மேல் ஒன்றுமில்லை. மாதத்துக்கொருமுறை வரும் நோயை ஏழு நாள் ஞாபகத்தை வைத்துக்கொண்டு எப்படி அறிவது? கெடுவை நீட்டிவிட்டு மூன்று மாதம் பொறுத்தோம். மூன்று மாதமும் ஒரே சித்திரம். செயலி சும்மா இருந்தது, நினைவகத்தில் இடமிருந்தது, வட்டுக்கான காத்திருப்பு மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தது. மாதக்கணக்கு முடித்ததும் எடுக்கும் காப்புநகல், அலுவலக நேரத்தில் ஓடும்படி யாரோ எப்போதோ அமைத்திருந்தார்கள். அதை இரவுக்கு மாற்றினோம். வரிசை குறைந்தது. வாங்கிய நினைவகம் வீண்செலவு.

இடம் போதாது என்பார்கள். சிறிய வழங்கியொன்றின் ஒரு நாள் பதிவு சில மெகாபைட்டுக்குள் அடங்கும். வரைபடங்கள்தாம் இருக்கின்றனவே என்பார்கள். 1999இல் டோபியாஸ் ஓட்டிக்கர் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல் முதலான கருவிகள், வழக்கமான அமைப்பில், நாள் செல்லச் செல்லப் பழைய எண்களைச் சராசரியாகச் சுருக்கிவிடுகின்றன. காலை பதினொரு மணியின் நெரிசலை இரவின் அமைதியோடு கூட்டி வகுத்தால் எல்லாம் நலமென்றே தோன்றும். சராசரி ஆழம் முழங்காலளவு என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதைதான். பத்து நிமிடக் கணக்கிலும் முப்பது நொடி நெருக்கடி மறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது இடைவெளியைக் குறைப்பதற்கான காரணமே அன்றி, எண்களை எறிவதற்கானதல்ல.

பழைய எண்ணை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள், திண்டுக்கல் சமவெளியிலிருந்து மேற்கே தெரியும் மலையைப் பார்க்கட்டும். அங்கே கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் தொடங்கியது. 1876–78இன் பெரும்பஞ்சத்துக்குப் பின், பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்புண்டா என்று எழுந்த கேள்வி அதற்கு ஒரு தூண்டுதல். அக்கேள்விக்கு எளிய விடை கிட்டவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து, வானம் தெளிந்த நாள்தோறும் சூரியனைப் படமெடுத்துக் கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் சேர்த்துவைத்தார்கள். அவை எண்மப்படுத்தப்பட்டு, நூறாண்டுக்கும் மேலான சூரியச் சுழற்சிகளை இன்றைய ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து படிக்கிறார்கள். தகடெடுத்தவர்களுக்கு நாளைய கேள்வி தெரியாது. தெரியாததனால்தான் சுருக்காமல், ஒன்றும் நிகழாத நாள்களையும் விடாமல் வைத்தார்கள். ஒன்றும் நிகழாத நாள் எப்படியிருக்கும் என்று தெரிந்தால்தானே நிகழ்ந்த நாளை அடையாளம் காண முடியும்?

சேர்ப்பது மட்டும் போதாது. மாதத்துக்கு அரைமணி நேரம் ஒருவர் உட்கார்ந்து, சென்ற மாதத்தின் அதே நாளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். எந்த நாளில் எதை மாற்றினோம் என்ற குறிப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத எண் ஊமை. பதிமூன்று மாதப் பதிவாவது இருந்தால்தான் சென்ற ஆண்டின் இதே மாதத்தைக் காண முடியும். இவற்றில் எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

இவ்வளவும் செய்த பிறகு ஒருவர் 'சர்வர் டவுன்' என்று சொன்னால், அதை நான் ஏற்பேன். அதுவரை குஜிலியம்பாறைக்காரரின் ஒரு நாள் கூலி நம் கணக்கில்தான் நிற்கிறது.