எடை ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது?

குச்சிக்கிழங்குக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போன சேலம் மாவட்டத்தில், குழந்தைக்கு முதல் உணவாக ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கும் வீடுகள் உண்டு. வயிறு நிறையும். ஆனால், அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். புரதமும் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. ஓமலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு மாதமாக எடை ஏறவில்லை என்றால், அதை வீட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டியவர் அங்கன்வாடி டீச்சர். சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது திறமை.

யாரிடம் பேசுவது?

தாய் விசைத்தறிக்கோ காட்டு வேலைக்கோ போயிருப்பார். கஞ்சி காய்ச்சுவது பாட்டி. ‘இதைக் கொடுக்காதீங்க’ என்று ஆரம்பித்தால் பாட்டி முகம் சுருங்கிவிடும். அடுத்த மாதம் குழந்தையை எடை போடவே தூக்கி வர மாட்டார். ‘கஞ்சியோட ஒரு கரண்டி பாசிப்பருப்பை மசிச்சுச் சேருங்கம்மா, சாயங்காலம் ராகிக் கூழ் குடுங்க’ என்றால் காது கொடுப்பார். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்பது டீச்சருக்குத் தெரிந்தால் போதும். பாட்டிக்குச் செய்முறைதான் வேண்டும்.

கேட்கும் காது

அங்கன்வாடியில் தரும் சத்துமாவு குழந்தைக்கே போகிறதா, வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறதா? குறைசொல்லும் தொனி இல்லாமல் கேட்டால்தான் உண்மை வரும். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, கால் வீங்கியிருக்கிறது, குழந்தை பால் குடிக்க மறுக்கிறது என்று தெரிந்தால், அறிவுரையை நிறுத்திவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் விவேகமும் வேண்டும்.

தமிழகம் கண்ட வழி

1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. அந்தந்த ஊர்ப் பெண்களையே பணியாளர்களாக எடுத்தார்கள். ஏழ்மையிலும் தன் குழந்தையை ஆரோக்கியமாக வளர்த்த தாய்மார்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. ‘அவளால் முடிந்தது நம்மால் முடியாதா?’ என்ற எண்ணமே பாதிப் பாடம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள்.

வேலை இன்னும் முடியவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது; பக்கத்து நாமக்கல்லில் முட்டை மலையாகக் குவிகிறது. அவற்றைக் குழந்தையின் கிண்ணத்துக்குக் கொண்டுவர, திட்டுவதற்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் ஒருவர் வேண்டும்.