குழிக்குள்ள கேக்கு... குச்சியில சாமை!

'கேக் பாப்' கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரே வாயில உள்ளே போயிடற உருண்டை கேக், மேல சாக்லேட் சட்டை, கீழே ஒரு குச்சி. அவ்ளோதான் மேட்டர்! அமெரிக்காவுல ஆஞ்சி டட்லிங்கறவங்க 2008-ல செஞ்சு காட்ட, ஊரே பத்திக்கிச்சு. 2011-ல ஸ்டார்பக்ஸ் கடைக்கே வந்துடுச்சு.

"அதெல்லாம் சரி, எங்க வீட்ல அவன் இல்லையே!"னு இழுக்கறீங்களா? சத்தமா சொல்லாதீங்க... "எவன்டி அவன்?"னு பாட்டி கிளம்பிடுவாங்க! அவன் வேணாம். பரண் மேல தூங்கற பணியாரக் கல்லை இறக்குங்க. ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்கற எலெக்ட்ரிக் கேக் பாப் மெஷினைத் திறந்து பாருங்க. ரெண்டு பணியாரக் கல்லு மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துட்டு இருக்கும்!

மாவு? மைதாவை ஓரமா வைங்க. நம்ம கல்வராயன் மலையில விளையற சாமை இருக்கே, அதைக் கழுவிக் காயவெச்சு நைஸா அரைச்சுக்கோங்க. 'சாமையில கேக்கா, பொலபொலனு உதிருமே'னு சமையல் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. உண்மைதான். கோதுமையில இருக்கற குளூட்டன்ங்கற பசை சாமையில கிடையாது. அதனால அதுல பர்த்டே கேக் பண்ணி கத்தி வெச்சா, ஃபோட்டோ எடுக்கறதுக்குள்ள சரிஞ்சுடும். ஆனா, கேக் பாப்போட ஃபார்முலாவே கேக்கை உதிர்த்துத் திரும்ப உருட்டறதுதானே? மத்த இடத்துல மைனஸா இருக்கறது இங்கே ப்ளஸ்! சிவில் டிபார்ட்மென்ட்டுக்குப் புரியற மாதிரி சொன்னா... ஜல்லி ரெடி, சிமென்ட் கலந்தா போதும்.

ஸ்டார்ட் மியூஸிக்! சாமை மாவு 1 கப், பொடிச்ச வெல்லம் முக்கால் கப், தயிர் அரை கப், எண்ணெய் கால் கப், முட்டை 1 (சைவ பார்ட்டிகளுக்கு மசிச்ச வாழைப்பழம் 1), ஒரு சிட்டிகை உப்பு. கலக்கி 10 நிமிஷம் ஊறவிடுங்க, சாமை ஈரத்தைக் குடிக்கணும். கடைசியா சமையல் சோடா அரை டீஸ்பூன். தயிர்ப் புளிப்பும் சோடாவும் மோதினா கார்பன் டை ஆக்ஸைடு வரும், பத்தாங்கிளாஸ் கெமிஸ்ட்ரி! அதனால சோடா போட்டதும் அரட்டை அடிக்காம உடனே குழியில ஊத்திடணும். முக்கால் குழி போதும். மூடி போட்டு, தீயை சிம்ல வெச்சு, அடி சிவந்ததும் திருப்பிப் போடுங்க.

நல்லா ஆறினதும் உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமா பாலோ தேனோ தெளிச்சுப் பிசையுங்க. சப்பாத்தி மாவு மாதிரி வேணாம், கொழுக்கட்டைப் பூரணம் பதம். நெல்லிக்காய் சைஸ்ல உருட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க.

அடுத்து சாக்லேட். 'காம்பவுண்ட்'னு கேட்டு வாங்குங்க. அசல் சாக்லேட்ல இருக்கற கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலயே உருகிடும். கள்ளக்குறிச்சி சித்திரை வெயில்ல அது தாங்குமா? சுடுதண்ணிப் பாத்திரத்து மேல கிண்ணம் வெச்சு உருக்குங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே விழுந்தாலும் கெட்டிதட்டிப் போயிடும், உஷார்! குச்சி முனையை முதல்ல சாக்லேட்ல தொட்டு, அப்புறம் உருண்டையில பாதி ஆழம் சொருகுங்க. அதுதான் ஃபெவிகால். பிறகு மொத்தமா ஒரு முக்கு. ஜில்லுனு இருக்கற உருண்டையை அப்படியே முக்கினா வெடிப்பு விழும். வெளியே எடுத்து 5 நிமிஷம் விட்டுடுங்க. நிக்கவெச்சுக் காயவிட ஸ்டாண்டா? பாதியா வெட்டின மரவள்ளிக்கிழங்கு போதும், நம்ம ஏரியாவுல அதுக்கா பஞ்சம்!

குச்சிக்கு, வழவழனு தேய்ச்ச ஐஸ் குச்சியே பெஸ்ட். மரச் சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு வாங்கின ஊரு நாம, சிலாம்பு குத்தினா மானம் போயிடும்! பொடிசுங்களுக்குன்னா, குச்சியை உருவிட்டுக் கொடுங்க.

இப்ப கொஞ்சம் சீரியஸ். சாமைன்னா 'சுகர் பேஷன்ட் சோறு'னு நாம முத்திரை குத்தி வெச்சிருக்கோம். ஆனா அது வெள்ளிமலைப் பக்கம் மழையை மட்டும் நம்பி வளர்ற பயிர். அந்தச் சின்ன மணியில உமி நீக்கறது லேசு இல்ல. தலைமுறை தலைமுறையா உரலும் உலக்கையுமா பொம்பளைங்க தோள்பட்டை தேய்ஞ்ச வேலை. கஷ்டப்பட்டு விளைய வெச்சதை வாங்க ஆளில்லைன்னா, அடுத்த வருஷம் அதே நிலத்துல காசு கொடுக்கற வேற பயிர்தான் நிக்கும். ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டா அறிவிச்சுக் கொண்டாடிச்சு. ஆண்டு முடிஞ்சுபோச்சு, பயிர் முடியக் கூடாதில்ல? அதைக் காப்பாத்தப் போறது செமினார் இல்ல... நம்ம நாக்கு!

ருசி செட்டாயிடுச்சுன்னா பாக்கெட் மணிக்கும் வழி இருக்கு. காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஒரு டேபிள் போடுங்க. ஆனா தொடர்ந்து விக்கறதா இருந்தா, வீட்ல செஞ்சாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். பேரு மட்டும் 'மில்லட் பாப்'னு ஸ்டைலா வெச்சுடாதீங்க. 'கல்வராயன் சாமை உருண்டை'னு பெருசா எழுதி ஒட்டுங்க. சாப்பிடறவன், "சாமைன்னா என்ன மச்சான்?"னு ஒரு தடவை கேக்கட்டும். பதில் சொல்றதுக்குள்ள தட்டு காலியாயிடும்!