எந்த ஓரம், சார்?

"சேலையக் கட்டிக்கிட்டு ஆடி அசைஞ்சு போறீங்களே, கொஞ்சம் ஓரமாப் போகக்கூடாதா?" என்று இடித்துக்கொண்டு முந்திப் போகிறவர்களே, எந்த ஓரம்? மாம்பலம் ஸ்டேஷனைச் சுற்றி எங்கே விட்டுவைத்திருக்கிறீர்கள் ஓரத்தை?

கட்டியிருப்பது ஐந்தரை மீட்டர் துணி. கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, பரீட்சைத் தாள் கட்டும் சாப்பாடும் இருக்கும் பைக்கு ஒரு கை. மழை வந்தால் குடைக்குக் கை கிடையாது. நடைபாதை என்ற பெயரில் ஒரு மேடு. அதில் ஏறினால் நாலாவது எட்டில் கடை வாசலுக்காக வெட்டிய பள்ளம். இறங்கி மறுபடி ஏற வேண்டும். மேலே நிறுத்திய பைக்கின் ஹேண்டில்பாரில் முந்தானை மாட்டும். பின் குத்தியிருந்தால் ரவிக்கை தோளோடு கிழியும்; குத்தாமல் வந்தாலோ, உற்றுப் பார்க்கும் கண்களுக்கு வேறு பதில் சொல்ல வேண்டும்.

சுடிதார் போடலாமே என்கிறீர்கள். போட விட்டால்தானே! அரசு ஊழியர்களுக்கு 2019 அரசாணையிலேயே சுடிதார் உண்டு. நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் டீச்சர் என்றால் சேலைதான். பேன்ட் போட்ட சாருக்கும் எனக்கும் ஒரே மணி, தாமதமானால் ஒரே சிவப்பு மை.

நியூயார்க்கில் 1910 வாக்கில் கணுக்காலை இறுக்கும் ஹாபிள் பாவாடை மோகம் வந்தது. டிராம் படியில் ஏற முடியவில்லை. ஊரே கேலி செய்தது. ஆனாலும் 1912ல் படியே இல்லாத டிராமை ஓட்டினார்கள். சில வருஷத்தில் மறைந்த ஃபேஷன் அது! அதற்கே வண்டி தாழ்ந்தது. பாட்டி காலத்திலிருந்து நாங்கள் கட்டும் சேலைக்கு ஒரு விளிம்புக் கல் தாழக்கூடாதா?

விதி இல்லாமல் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டியிலேயே இருக்கிறது: நடைபாதையின் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 2019ல் பாண்டி பஜாரில் அகலமாகப் போட்டார்களே, அங்கே இதே சேலையில் நான் விறுவிறுவென்றுதான் நடக்கிறேன். அப்படியானால் குற்றம் கொசுவத்திலா, கல்லிலா?

கல்லைத் தாழ்த்துங்கள். பைக்கைக் கீழே இறக்குங்கள். அதற்குப் பிறகும் நான் வழியை மறித்தால், தாராளமாகத் திட்டுங்கள்.